நல்ல பெட்ரோல்

சம்பந்தியம்மா வாசல்படியில் ஒரு காலை வைத்தாள், மறுகால் எழும்பவில்லை. முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பியைக் குடிக்க ஆள் இல்லை என்பது மதலேனம்மாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"என்ன மைனி, இது வீடா, பெட்ரோல் பங்க்கா?"

"பின்னால சாய்ப்புல கேன் இருக்கு மைனி. எடுத்துருவோம்."

"போன மாசம் போன்லயும் இதத்தான சொன்னீங்க." சம்பந்தியம்மா குரலை உயர்த்தவில்லை. "நான் குறை சொல்ல வரல. நெறமாசப் பிள்ளைய இந்த வாடைக்குள்ள எப்படிப் படுக்கப் போடுதது? பச்சப்பிள்ளை மூச்சு விட வேண்டாமா? இந்தா, அடுப்பு வேற எரியுது. கேனை எடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுநாளே பிரிஸ்கில்லாவக் கொண்டாந்து விடுதோம். இல்லன்னா பேறுகாலம் எங்க வீட்டுலயே நடக்கட்டும்."

கொண்டுவந்த பழப்பையைப் படியில் வைத்துவிட்டு, நின்ற காலோடு போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். நியாயம் பேசுகிறவளிடம் என்னத்தைச் சண்டை போட? மதலேனம்மாள் அடுப்பை அணைத்தாள். காப்பியை அவளே குடித்தாள். அதிலும் பெட்ரோல் வாடைதான் அடித்தது.

பசுவந்தனையில் அவர்களுக்கு இருப்பது ஒரே அறை. அறையை ஒட்டித் தகரச் சாய்ப்பு. பிரிஸ்கில்லாவுக்கென்று கட்டில் போட வேண்டிய சுவருக்கு மறுபுறம், தகரத்தின் கீழே, தண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. வெயில் காலத்தில் பெட்ரோல் உப்பி, கேன்களின் வயிறு புடைத்துவிட்டது. இரண்டு கேன்களுக்கு மூடி சேரவில்லை. பாலிதீன் தாளைச் சுற்றி ரப்பர் பாண்டு போட்டிருந்தது. மகள் முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதற்குக் குறுக்கே நிற்பது வறுமையல்ல, வழக்கல்ல, இந்தக் கேன்கள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

சிரித்தவர்களும் உண்டு. மதலேனம்மாளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் ஜேம்ஸ்ராஜுக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைக் கழற்றி மாட்டும் வேலை. எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் கூப்பிடுவார்கள். கைசுத்தம், வேலைசுத்தம், வாய் மட்டும் சுத்தமில்லாமல் இருந்த மனுஷன். குடித்தார் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். மதலேனம்மாள் அதை ஒரே சொல்லாகவா வாழ்ந்தாள்? பொழுது சாய்ந்ததும் வாசலை மறித்து நின்று, "ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். மோந்து பார்த்துவிட்டு விலகுவாள், அல்லது விலகமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய மூக்குக்கு ஓய்வே கிடையாது.

விட்டார், தொட்டார், மறுபடி விட்டார். ஒவ்வொரு தடவையும் மறுபடி தொட்டது ஒரு சின்னச் சமாதானத்தில்தான். சளிக்கு ஒரு மூடி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்காக ஒரு மடக்கு. மேல் வலிக்கு அரை கிளாஸ். கடைசியில், காமநாயக்கன்பட்டி மாதா கோயில் திருவிழாவில் முழங்காலில் நின்று, ஊர் கேட்க நேர்ந்துகொண்டார்: "தாயே, இனிமே சாராயம் என் வாசலைத் தாண்டாது."

அந்த நேர்ச்சை நின்றது. எப்படி நின்றது என்பது மதலேனம்மாளுக்குத் தெரியும். அதில் ஒரு நூல்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. புளிக்கவைத்த மருந்து என்று, வைத்தியர் கொடுத்த அரிஷ்டத்தை வாசலிலேயே நிறுத்தினார். இருமல் மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைப் படித்துச் சொல்லச் சொன்னார். பிராந்தி, விஸ்கி, கள், எல்லாம் அவருக்கு ஒரே பெயர்தான்: சாராயம்.

அப்படிப்பட்டவரின் காதில், இந்த வருஷம் மாசி மாதத்தில், டீக்கடையில் ஒருவன் சொன்னது விழுந்தது. இனி எல்லா பங்க்கிலும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனாலாம். எத்தனால் என்றால் என்ன என்று இவர் கேட்டாராம். "சாராயந்தான் அண்ணாச்சி! கரும்புல காய்ச்சுதது" என்றானாம் அவன்.

ஜேம்ஸ்ராஜ் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து தெருவிலேயே நிறுத்திவிட்டார். வண்டி ராத்திரி நிற்கிற இடம் வீட்டுக்குள். வண்டி வாசலைத் தாண்டினால், டேங்கில் இருக்கிறதும் தாண்டும்.

"வண்டிய வெளியவே நிப்பாட்டிக்கிடுவோம்" என்றாள் மதலேனம்மாள்.

"அது மாதாவ ஏமாத்துத வேலை. இப்படி ஒண்ணொண்ணுக்கா சமாதானம் சொல்லித்தானட்டி நான் திரும்பத் திரும்ப விழுந்தேன்?"

 பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டார். "வண்டிதானய்யா குடிக்குது, நீயா குடிக்கே?" என்று சாமியார் சிரித்துவிட்டார். சிரித்தது பெரிய தப்பாகிவிட்டது. மறுநாளிலிருந்து ஜேம்ஸ்ராஜ் ஒரு வேலை ஆரம்பித்தார். ஊர் பங்க்குக்குப் புது பெட்ரோல் இன்னும் வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அது வருவதற்கு முன்னால் பழைய, நல்ல பெட்ரோலைச் சேர்த்துக்கொள்வது. கேனில் பங்க்காரன் ஊற்ற மாட்டான். அதனால் டேங்க் நிறையப் போட்டுக்கொண்டு வருவார், ரப்பர் டியூபை உள்ளே விட்டு, வாயால் உறிஞ்சி, துப்பிவிட்டு, கேனில் இறக்குவார். மறுபடி பங்க்குக்குப் போவார். ஒரு கேன் நிறைந்ததும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமான சரக்கு" என்பார். குடிகாரப் பேச்சில் அவர் நாக்கில் மிச்சம் ஒட்டியிருந்தது இது ஒன்றுதான்.

அதன் பிறகு வண்டியை எண்ணி எண்ணித்தான் எடுத்தார். பக்கத்து ஊருக்கெல்லாம் பஸ். தூரத்துக்கு மட்டும் நல்ல பெட்ரோல். வீடு முழுக்க, துணி முழுக்க, அவர் தலைமுடி முழுக்க அந்த வாடை ஏறிப்போனது. மதலேனம்மாள் "ஊதுங்க" என்பதை அப்போதுதான் நிறுத்தினாள். நம்பி நிறுத்தவில்லை. ஊதினாலும் பெட்ரோல்தான் மணக்கும், என்னத்தைக் கண்டுபிடிக்க?

ஐப்பசி பிறந்து முதல் தூற்றல் விழுந்த வாரம் வண்டி படுத்துவிட்டது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நின்றுபோய், கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ள, ஜேம்ஸ்ராஜ் அதைத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் கொம்பையா கடையில் விட்டுவிட்டு வந்தார். சம்பந்தியம்மா வந்துபோன மறுநாள், அவரிடம் சொல்லாமல் மதலேனம்மாள் பஸ் ஏறினாள். இந்தக் கேன்களை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க அவளுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

"வண்டிக்கு நோவு ஒண்ணுமில்லக்கா" என்றான் கொம்பையா. "குடிச்சதுதான் சரியில்ல."

அந்தச் சொல்லைக் கேட்டதுமே அவளுக்குப் பகீரென்றது.

டேங்கிலிருந்து இறக்கியதை ஒரு தெளிந்த பாட்டிலில் பிடித்து வைத்திருந்தான். மேலே தேன் நிறத்தில் ஒன்று, அடியில் கழுநீர் மாதிரிக் கலங்கலாக ஒன்று. இரண்டும் கலக்காமல் நின்றன.

"மேல நிக்கது பெட்ரோலு. அடியில இருக்கது தண்ணியும் எத்தனாலும். எத்தனால் காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் இழுத்துக்கிடும். மூடி சரியில்லாம மாசக்கணக்குல போட்டு வச்சா, ஒரு அளவுக்கு மேல தண்ணி ஏறி, பெட்ரோல விட்டுட்டுத் தண்ணியோட சேந்து அடியில உக்காந்துரும். வண்டி அடியில இருந்துதான உறியுது? பெறகு எப்படி ஓடும்?"

"தம்பி, இது பழைய பெட்ரோலுல்லா. சாராயம் கலக்காதது. அதுக்காகத்தான் அவிய சேத்து வச்சிருக்காவ."

கொம்பையா சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "யாருக்கா சொன்னா? கலக்க ஆரம்பிச்சு எத்தனையோ வருசமாச்சு. முன்ன பத்து, இப்ப இருபது. அம்புட்டுதான் வித்தியாசம்."

மதலேனம்மாள் அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் ஏழெட்டு மாதமாகச் சாராயம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. வாசலைத் தாண்டி, சாய்ப்பைத் தாண்டி, தலைமாட்டில் இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அவரே கேன்களைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார். மகள் வந்துவிடுவாள். ஆனால் நேர்ச்சை என்னாகும்? உடைந்தது உடைந்ததுதானே என்று அந்த மனுஷன் அன்று சாயங்காலமே பிராந்திக் கடைக்குப் போனால்? சளிக்கு ஒரு மூடி என்று விழுந்தவருக்கு இதைவிடப் பெரிய சமாதானம் வேண்டுமா? சொன்னால் மகள் வருவாள், அப்பன் போய்விடுவான். சொல்லாவிட்டால் அப்பன் இருப்பான், மகள் வரமாட்டாள். 

"கேன்ல உள்ளத என்னதாந் தம்பி செய்யுதது? காட்டுல வெடிப்பு இன்னும் மூடல. அதுல ஊத்திரட்டா?"

"ஊத்திராதீங்கக்கா. கரிசல் வெடிப்பு எங்கன போயி முடியுதுன்னு யாருக்குத் தெரியும்? கிணத்துல இறங்குனா ஆடு மாடு குடிக்க தண்ணி போச்சு. சாக்கடையிலயும் கூடாது, ஊரே தீப்பெட்டி ஆபீசு, ஒரு பொறி போதும். பழைய ஆயில் எடுக்க லைசென்ஸ் உள்ள வண்டி ஒண்ணு வெள்ளிக்கிழமை வருது. அதுல பேசி ஏத்தி விடுதேன். அன்னைக்குச் சாயங்காலம் லோடு ஆட்டோவக் கொண்டுக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் பக்கத்துல அடுப்பு பத்த வைக்காதீங்க."

எழுந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். "தம்பி, அதுல சாராயம் இருந்துச்சுன்னு மட்டும் அவியகிட்டச் சொல்லிராதீங்க."

பஸ் ஸ்டாண்டில் ஜேம்ஸ்ராஜ் விழுந்து கிடந்த காலத்தைக் கொம்பையாவும் பார்த்தவன்தான். "நான் ஏன்க்கா சொல்லப்போறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மதலேனம்மாள் வாயைத் திறக்கவில்லை. தெருவில் கல்லைக் கூட்டி வைத்துச் சோறு பொங்கினாள். சாப்பிட்டு முடித்த நேரம் பிரிஸ்கில்லா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா. இங்கன எல்லாரும் நல்லாத்தான் பாக்காவ. ஆனா வலி வரும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்மா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஜேம்ஸ்ராஜ் கை கழுவிய இடத்திலேயே நின்றார். இதுதான் சமயம் என்று மதலேனம்மாள், போனை வைத்ததும் சொல்லிவிட்டாள்.

"பெட்ரோல் கெட்டுப்போச்சாம். வண்டி நின்னது அதனாலதானாம். சாயங்காலம் கொம்பையா வந்து எடுத்துட்டுப் போறேன்னிருக்கான்."

"பெட்ரோல் என்ன சோறாட்டி, ஊசிப்போறதுக்கு?"

"கேன் எப்படி உப்பிக் கெடக்குன்னு பாருங்க. பிள்ள வரணும்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "இதக் குடுத்துட்டா நாளைக்கு வண்டிக்கு எதப் போடுவேன்? சாராயத்ததான? இன்னைக்கு டேங்குல ஏறும், நாளைக்கு எனக்குள்ள ஏறும். என்ன எனக்குத் தெரியும் மதலேனா. பேரப்பிள்ளை வரும்போது நான் குடிகாரனா இருந்தா, வந்து என்ன பிரயோசனம்?"

அவளுக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தாள்.

ஜேம்ஸ்ராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கெட்டுப்போச்சுன்னு கொம்பையா சொன்னா ஆச்சா? இது எம்புட்டு சுத்தம்னு இப்பக் காட்டுதேன்." ஜூஸ் பாட்டில் ஒன்றைக் கழுவினார். போனில் யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்த வித்தை. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ரப்பர் பாண்டு மாட்டி, மேலே பெட்ரோலை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலப்படமில்லாத பெட்ரோல் என்றால் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும். சாராயம் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், மட்டம் ஏறும்.

"வேண்டாங்க" என்று மதலேனம்மாள் எழுந்தாள். "பாட்டிலத் தாங்க. உங்க பெட்ரோல் சுத்தந்தான், நான் நம்புதேன்." கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுட்டி. நீயும் பாரு."

சாய்ப்பில் வைத்துக் குலுக்கினார். கல்மேடையில் பாட்டிலை நிறுத்தினார். நுரை அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு மெல்லத் தெளிந்தது. ரப்பர் பாண்டுக்கு மேலே, நன்றாக மேலே, நின்றது.

இன்னொரு கேனிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதிலும் ஏறியது.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லவும் தெம்பில்லை.

ஜேம்ஸ்ராஜ் ரப்பர் டியூபை எடுத்துப் பார்த்தார். "வாயில வச்சு உறிஞ்சினேனே" என்றார்.  ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். அவர் திரும்பியது பஸ் நிறுத்தத்துப் பக்கம். பிராந்திக் கடையும் அந்தப் பக்கம்தான்.

பின்னாலேயே ஓடிப் பிடித்திருக்கலாம். அப்படிப் பிடித்து இழுத்து வந்த காலமெல்லாம் உண்டு. இன்றைக்குக் கால் வரவில்லை.

சொன்னபடி கொம்பையா வந்தான். மூடி சேராத கேன்களில் இருந்ததை, கொண்டுவந்த வேறு கேன்களுக்கு மாற்றி மூடியை இறுக்கினான். கேன் கேனாக வெளியே போயிற்று. "அண்ணாச்சி எங்கக்கா?" என்று கேட்டவன், சாய்ப்பில் நின்ற பாட்டிலையும் ரப்பர் பாண்டையும் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவை எடுத்தான்.

மதலேனம்மாள் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மழைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு மூக்கு திரும்பியது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்குவது தெரிந்தது. ஈரக் கரிசலின் மணம் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த ஆட்டின் கவிச்சிகூடத் தெரிந்தது. இத்தனையும் தெரிகிற மூக்குக்கு, அவர் வந்து நின்றால், சாராய வாடையும் தெரியும். மகளுக்குப் போன் செய்யப் போனாள். எண்ணை அழுத்தவில்லை. எதை நம்பி வரச் சொல்ல?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜேம்ஸ்ராஜ் வந்தார். கணுக்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. தள்ளாடவில்லை. ஆனால் அவர் தள்ளாடாமல் குடிக்கவும் தெரிந்தவர்தான். படிக்கு வெளியே நின்றார்.

"கடை வரைக்கும் போனேன்" என்றார். "நேர்ச்சதான் உடைஞ்சு போச்சே, இனி எதுக்கு இந்தப் பாடுன்னு வரிசையில நின்னேன்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"முன்னால ஒருத்தன் நின்னான். அவனுக்கு அடுத்தது நாந்தான். அப்பதான் தோணிச்சு, எம்மேலயே பெட்ரோல் வாடைதான அடிக்குது, குடிச்சாலும் ஒனக்குத் தெரியவா போகுதுன்னு." தலையைக் குனிந்துகொண்டார். "அப்படித் தோணினதும் எனக்கே அசிங்கமாப் போச்சு. கம்மாய்க்கரையில போயி உக்காந்துட்டு வாரேன். மாதாவுக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்? வாசலத் தாண்டிருச்சே."

"வாசலைத் தாண்டினது தாண்டிருச்சு" என்றாள் மதலேனம்மாள். "உறிஞ்சினப்ப என்ன செஞ்சீங்க?"

"துப்பினேன்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையுந்தான்."

"பெறகென்ன? தொண்டையத் தாண்டல. தலைமாட்டுலயே இருந்திருக்கு, நீங்க தொடல. இதவிட என்னத்தப் பெரிய நேர்ச்ச?"

அவர் அழுதார். பிறகு, பழைய வழக்கப்படி, யாரும் கேட்காமலேயே முகத்தை நீட்டினார். "ஊதட்டா?"

வீட்டில் இப்போது வேறு வாடை இல்லை. ஒரு மூச்சு போதும், தெரிந்துவிடும். மதலேனம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அலுத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மோந்து மோந்து அலுத்திருந்தது. இது நம்பிக்கையா, வெறும் அலுப்பா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"ஊத வேண்டாம்" என்று வழியை விட்டு விலகினாள். "காலக் கழுவிட்டு உள்ள வாங்க. பிள்ளைக்குக் கட்டில இழுத்துப் போடணும், எனக்கு ஒத்தையில முடியாது."